சவரிமுத்து வைத்த பார்ட்டி

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உட்காரப்போகும் தம்பிகளே, கஷ்டமான சொற்கள்தான் உங்களைப் பயமுறுத்துகின்றன என்று எனக்குத் தெரியும். பிணை, அவதூறு, வாரிசுரிமை என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் என் சேவகக் காலம் முழுவதிலும் அந்த மாதிரிச் சொல் எதுவும் என்னைக் கவிழ்க்கப் பார்த்ததில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. என்னைக் கூண்டுக்குப் பக்கத்தில் வேர்த்து விறுவிறுக்க நிற்கவைத்த சொல், இன்றைக்குப் பினாங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சாதாரணமாகச் சொல்லித் திரிகிற சொல். பார்ட்டி.

சிரிக்காதீர்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு மனுஷனைக் கப்பலேற்றி அனுப்பிவிட இருந்தார்கள்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். சவரிமுத்து என்று ஒருவர், நாகப்பட்டினத்தில் பிறந்து வாலிபத்தில் இங்கே வந்தவர், வெள்ளைக்கார வியாபாரி ஒருவரின் பங்களாவில் சமையல் செய்யும் குசினிக்காரராக இருந்தார். குடியிருந்தது டத்தோ கிராமாட் பக்கம், ஒரு பலகை வீட்டில். மனைவி பெயர் ஆரோக்கியம். அந்த அம்மாள் இந்தத் தீவிலேயே, பாலிக் புலாவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில், பிறந்து வளர்ந்தவர். நாகப்பட்டினம் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. இது முக்கியம். ஏனென்றால் இங்கே பிறக்காதவன் குற்றம் செய்தால் அவனை நாடு கடத்தலாம். இங்கே பிறந்த பெண்சாதியையும் பிள்ளைகளையும் என்ன செய்வது என்பதைப் பற்றிச் சட்டம் தலையை உடைத்துக்கொள்வதில்லை.

சவரிமுத்து சில நாள் வேலையிலிருந்து வீட்டுக்குத் தாமதமாக வருவார். கேட்டால், "இன்னிக்குத் தொரை வீட்டுல பார்ட்டி" என்பார். ஆரோக்கியத்துக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. அவர்கள் வீட்டில் நடந்த இந்தப் பேச்சைச் சவரிமுத்துவே பிறகு என்னிடம் சொன்னார்.

"பார்ட்டின்னா என்னங்க? கல்யாணமா?"

"இல்ல."

"ஞானஸ்நானமா?"

"அதுவும் இல்ல."

"பின்ன யாராச்சும் செத்துட்டாங்களா?"

"அட, சும்மா கூடுவாங்க புள்ள. கேக்கு சாப்பிடுவாங்க, பேசுவாங்க, சிரிப்பாங்க, போயிடுவாங்க."

"எதுக்கு?"

 அந்த 'எதுக்கு'க்கு எனக்கும் பதில் வந்திருக்காது. யோசித்துப் பாருங்கள். நம் ஆட்கள் கூடுவதற்குத் தமிழில் எத்தனை சொல்! காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை, கருமாதி, திருவிழா. ஒவ்வொன்றிலும் காரணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காரணமே இல்லாமல் நாலு பேர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒரு வீட்டில் கூடுவதற்கு நம்மிடம் சொல் இல்லை. அதற்குத்தான் வெள்ளைக்காரனிடம் வாங்கிக்கொண்டோம். கடன் வாங்கியது தப்பில்லை. வாங்கிய பொருள் எந்தெந்த வேலைக்கு உதவும் என்று கேட்காமல் வாங்கியதுதான் வம்பாகப் போயிற்று.

அந்த வருஷம் துரை விடுமுறையில் சீமைக்குப் போனார். பங்களா பூட்டிக் கிடந்தது. சவரிமுத்துவின் கை சும்மா இருந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுப் பார்ட்டிக்கே சமைத்தாயிற்று, நம் வீட்டிலும் ஒன்று வைத்துப் பார்ப்போம் என்று தோன்றிவிட்டது. ஒரு சனிக்கிழமை மாலை. அழைக்கப்பட்டவர்கள் பக்கத்துப் பங்களாக்களில் வேலை பார்த்த சமையல்காரர்கள், ஆயாக்கள், கார் ஓட்டுகிறவர்கள். கோயில் பாட்டுக் குழுவில் பிடில் வாசிக்கிற ஓர் ஆள். எல்லாரும் அவரவர் குடும்பத்தோடு.

செய்வதைத் திருந்தச் செய்கிற மனுஷர் சவரிமுத்து. துரை வீட்டில் வாசலில் ஆள் நின்று வரவேற்பதைப் பார்த்திருக்கிறார். அதனால் தன் பங்காளி மகன் சூசையைத் துவைத்த வெள்ளைக் கோட்டுப் போட்டு வாசலில் நிறுத்தினார். சூசைக்கு உத்தரவு: வருகிறவர்களுக்கு 'குட் ஈவ்னிங்' சொல்ல வேண்டும். சூசை அந்த உத்தரவைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டான். வந்தவர்களும் திருப்பிச் சொன்னால்தான் உள்ளே விட்டான்.

பக்கத்து வரிசையில் ஒரு தமிழ் மாத்தா குடியிருந்தார். போலீஸ்காரரை நாம் இங்கே அப்படித்தானே சொல்கிறோம். அவரைச் சவரிமுத்து அழைக்கவில்லை. விரோதம் ஒன்றும் கிடையாது. துரை வீட்டுப் பார்ட்டிகளுக்குப் போலீஸ்காரர் யாரும் வந்து சவரிமுத்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் மாத்தா பிடில் சத்தத்தைக் கேட்டார், இறைச்சி வாசனையையும் பிடித்தார். உடுப்போடு வாசலுக்கு வந்தார்.

"என்னடா விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லண்ணே. பார்ட்டி" என்றான் சூசை.

"எனக்குச் சொல்லலையே?"

"பார்ட்டியில இருக்கறவங்களுக்கு மட்டும்தாண்ணே."

மனம் புண்பட்ட மனுஷனுக்குக் காது கூர்மையாகிவிடும். மாத்தா சந்துப் பக்கம் போய்ப் பலகைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பார்த்ததை மேலதிகாரிகளிடம் சொன்னார். பதிவு செய்யாத சங்கங்களையும் ரகசியக் கூட்டங்களையும் அரசாங்கம் வலைபோட்டுத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு தெருவுக்கு ஒரு கும்பல், கும்பலுக்கு ஒரு சத்தியம் என்று பட்டணமே பேசிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் போலீஸ் வந்து பார்ட்டியைக் கலைத்தது. சவரிமுத்துவின் மேல் வழக்கு. பதிவில்லாத சங்கம் நடத்தினார் என்று.

வழக்கு என் கோர்ட்டுக்கு வந்தது. சவரிமுத்துவுக்கு வக்கீல் இல்லை. அவருக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடிய துரையோ கடலுக்கு அந்தப் பக்கம். மாஜிஸ்திரேட் நல்ல மனுஷர்தான், நிதானமானவர், ஆனால் தன் தாய்மொழியான இங்கிலீஷ் தனக்குத் தெரியும் என்று முழுமையாக நம்பியவர். அப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

முதலில் மாத்தா சாட்சி சொன்னார்.

"வாசல்ல ஒரு ஆள் காவல் நின்னான். வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னாங்க. சொன்னவங்களை மட்டும் உள்ள விட்டான். கேட்டதுக்கு, கட்சியில இருக்கறவங்களுக்கு மட்டும்தான்னு சொன்னான்."

"உள்ளே என்ன பார்த்தீர்?" கேட்டது போலீஸ் தரப்பில் வழக்கை நடத்திய வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர்.

"சுவருக்கு மேல தலைங்க மட்டும்தான் தெரிஞ்சுது. எல்லாரும் கிளாஸைத் தூக்கி ஒரே குரலா என்னமோ சொல்லிட்டுக் குடிச்சாங்க. அப்புறம் பிடில் வாசிச்சான். ஆளுங்க வட்டமா ஓடுனாங்க. பிடில் நின்னதும் ஒருத்தனை வெளியேத்திட்டாங்க. மறுபடி ஓடுனாங்க, மறுபடி ஒருத்தன். கடைசியா மிஞ்சினவனைத் தோள்ல தட்டிக் கைகொடுத்தாங்க."

"தலைவனைத் தேர்ந்தெடுக்கும் முறை" என்றார் இன்ஸ்பெக்டர், மெல்லிய குரலில். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

இங்கே கவனியுங்கள். சூசை சொன்னது 'பார்ட்டி'. மாத்தா தன் சாட்சியத்தில் அதை நல்ல தமிழில் 'கட்சி' என்றார். அவரைப் பொறுத்தவரை அது சரியான மொழிபெயர்ப்பு. நான் 'கட்சி' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என்ன சொல்வேன்? 'பார்ட்டி' என்றேன். அகராதியும் அதைத்தான் சொல்கிறது. பிறகு சவரிமுத்து கூண்டில் ஏறி, தமிழில் பேசும்போது 'பார்ட்டி' என்றார். அதையும் நான் 'பார்ட்டி' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வேறு வேறு பொருள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்றன. அவர் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டார். நினைக்காமல் என்ன செய்வார்?

மாஜிஸ்திரேட் கேட்ட கேள்வியையும் சவரிமுத்து சொன்ன பதிலையும் சொல்கிறேன். ஒவ்வொரு வரியும் என் வாய் வழியாகத்தான் போனது. ஒரு வரிகூடத் தப்பாகப் போகவில்லை. அதுதான் கொடுமை.

"இந்தப் பார்ட்டிக்குத் தலைவர் யார்?"

"நான்தான் ஐயா. பார்ட்டி என்னுது."

"எவ்வளவு காலமாக இருக்கிறது?"

"இதுதான் மொதல் தடவை ஐயா. நல்லபடியா நடந்தா வருஷா வருஷம் வைக்கலாம்னு இருந்தோம்."

"பினாங்கில் வேறு பார்ட்டிகள் இருப்பது உமக்குத் தெரியுமா?"

"நெறைய ஐயா! ஊர் முழுக்க நடக்குது. எத்தனையோ பார்ட்டியில நான் வேலை செஞ்சிருக்கேன்."

மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"அவற்றில் யார் யார் இருக்கிறார்கள்?"

சவரிமுத்து நிமிர்ந்து நின்றார். நல்ல வேலைக்காரனுக்கு உள்ள ரோஷம் முகத்தில் வந்தது. "பெரிய பெரிய ஆளுங்க ஐயா. பேரு கேக்காதீங்க. வீட்டுல நடக்கறதை வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. நான் சொல்ல மாட்டேன்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் மாஜிஸ்திரேட்டின் பேனா மறுபடி ஓடத் தொடங்கியது. பின்னால் பெஞ்சில் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இன்ஸ்பெக்டரின் முகத்தில் சந்தோஷம் வருவது தெரிந்தது. போலீஸ்காரர் முகத்தில் சந்தோஷம் வந்தால் தன் புருஷனுக்கு என்ன ஆகும் என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதைக் கோர்ட்டிடம் சொல்லலாம், அதற்கு இடம் உண்டு. "யுவர் ஒர்ஷிப், பார்ட்டி என்ற சொல்லைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெரிவிக்க அனுமதி வேண்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கூண்டில் நிற்கும் எதிரி அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னாரா, ஆங்கிலத்தில் சொன்னாரா?"

"ஆங்கிலச் சொல்லாகவே சொன்னார், யுவர் ஒர்ஷிப்."

"அப்படியானால் உமக்கு அதில் வேலை இல்லை. தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் வேண்டுமானால் உம்மைக் கேட்பேன். ஆங்கிலச் சொல்லின் அர்த்தத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்க உம்மை நியமிக்கவில்லை."

உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது சட்டப்படி நியாயம்தான். நான் பிரமாணம் எடுத்தது தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றுவதற்கு. ஆங்கிலத்தை ஆங்கிலமாக மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. தமிழ் மட்டும் பேசியிருந்தால் சவரிமுத்து தப்பித்திருப்பார். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பேசி என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்.

அப்போது உங்களைப் போன்ற ஒருவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அடுத்த கேள்வியைத் தமிழில் சொல்லும்போது இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுவான். 'விருந்துன்னு சொல்லுய்யா' என்று காதோரம் போடுவான். கோர்ட்டில் தமிழ் தெரிந்தவர்கள் நாலு பேர் உண்டு. கூண்டுக்குப் பக்கத்திலேயே மாத்தா நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு சொல் சேர்த்திருந்தால் அவர் உடனே காட்டிக்கொடுத்திருப்பார். அதோடு என் வேலை போயிருக்கும், அது கிடக்கட்டும். சவரிமுத்துவின் வாயிலிருந்து அதற்குப் பிறகு வந்த எந்தச் சொல்லையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மனம் துடித்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரங்கள் இந்த வேலையில் உண்டு. அது கோழைத்தனமா பொறுமையா என்பது பிறகுதான் தெரியும். சில வழக்குகளில் பிறகும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வழக்கின் போக்கில் அவருக்குத் திருப்தி. மாஜிஸ்திரேட் பக்கம் குனிந்து, கொஞ்சம் சிநேகமான குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: "கோர்ட்டு நாலு மணிக்குள் எழுந்தால் உதவியாக இருக்கும், ஐயா. மலையடிவாரத்துப் பங்களாவில் இன்று தோட்டத்துப் பார்ட்டி. நான் போக வேண்டும்."

மாஜிஸ்திரேட் சிரித்தார். "நானும் அதே பார்ட்டிதான். சீக்கிரம் முடித்துவிடுவோம்."

இது அவர்களுக்குள் பேசிக்கொண்டது. வழக்கைச் சேர்ந்ததல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லவும் இல்லை. ஆனால் கூண்டில் நின்றவர், வெள்ளைக்காரர் சாப்பிடும்போது பேசுவதையெல்லாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பல வருஷம் கேட்டவர். பேச வராவிட்டாலும் அந்த அளவுக்கு அவருக்குப் புரியும். சவரிமுத்து கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய், கோர்ட்டு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

"ஐயா, பார்ட்டியில இருந்தது குத்தம்னு என்னைப் புடிச்சிருக்காங்க. கோர்ட்டுத் தொரையும் இன்ஸ்பெக்டர் தொரையும் ஒரே பார்ட்டியில இருக்காங்களாமே. அவங்களை யாரு புடிக்கறது?"

பின்வரிசையில் தமிழ் தெரிந்த யாரோ இருமினார்கள். மாத்தா தன் பூட்ஸைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் தமிழ் எட்டும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், "அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை" என்றார்.

"எதிரி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

தம்பிகளே, நீங்கள் வேலையில் இருக்கும் காலத்தில் இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. 'எதிரி மன்னிப்புக் கேட்கிறார்' என்று சொல்லிவிடலாம். எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள், நானும் இன்ஸ்பெக்டரும். சவரிமுத்து மட்டும் கப்பலேறுவார். அப்படியே சொன்னாலோ, கோர்ட்டை அவமதித்தான் என்று அவருக்கு இன்னொரு குற்றம் சேரலாம். அவர் கெடுவதற்கு நானே வழி செய்ததாகவும் ஆகலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கூண்டில் நிற்கிறவன் சொன்னதை மாஜிஸ்திரேட் கேட்கிறார். நடுவில் இருக்கிற நான் சொல்லியாக வேண்டும்.

எழுந்து, சொல்லுக்குச் சொல் சொன்னேன். 'பார்ட்டி' என்று அவர் சொன்ன இடத்தில் 'பார்ட்டி' என்றேன். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. சிரிப்பு உதட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் முகத்தை மொழிபெயர்ப்பில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு என் முகம் கொஞ்சம் அசைந்திருந்தால் அது என் கேள்வியாகிப் போயிருக்கும். அசையாததால் சவரிமுத்துவின் கேள்வியாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தது.

மாஜிஸ்திரேட்டின் கழுத்து முதலில் சிவந்தது. பிறகு காது. தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எழுதிவைத்திருந்த தாளை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். 'வட்டமாக ஓடினார்கள்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றதை நான் பார்த்தேன். சின்னப் பையனாக அவரும் எங்கேயோ ஒரு கூடத்தில் நாற்காலிகளைச் சுற்றி ஓடியிருப்பார் போலிருக்கிறது.

"எதிரியைக் கேளும்" என்றார், என்னைப் பார்க்காமல். "பார்ட்டி என்றால் அவர் என்ன நினைக்கிறார்?"

அந்த ஒரு கேள்விக்காகத்தானே நான் அவ்வளவு நேரமும் வேர்த்துக்கொண்டிருந்தேன்! தமிழில் கேட்டேன். சவரிமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தனக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டால் யாருக்குத்தான் வராது?

"வீட்டைச் சுத்தம் பண்ணிப் பூ வெக்கணும் ஐயா. நாற்காலி இரவல் வாங்கிப் போடணும். வர்றவங்களை வாசல்ல நின்னு கூப்பிடணும். கேக்கு, கட்லெட்டு, டீ. கிளாஸைத் தூக்கி எல்லாரும் நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுக் குடிக்கணும். நாங்க ஆரஞ்சுத் தண்ணிதான் ஐயா குடிச்சோம். அப்புறம் நாற்காலி ஆட்டம். பிடில் நின்னதும் உக்காரணும். இடம் கெடைக்காதவன் வெளிய போகணும். அதுல எங்க சூசைதான் ஜெயிச்சான்."

"எந்த நோக்கத்துக்காக இதையெல்லாம் செய்தீர்?"

சவரிமுத்து வாயைத் திறந்தார். பின்பெஞ்சில் இருந்த மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தலையைக் குனிந்துகொண்டு, "சும்மாதான் ஐயா" என்றார்.

சும்மா! நான் முன்பே சொன்னேனே, கஷ்டமான சொற்களுக்குப் பயப்படாதீர்கள் என்று. இந்தச் சொல்லுக்குப் பயப்படுங்கள். வேலையில்லாமல் இருப்பதும் சும்மா, காசு வாங்காமல் கொடுப்பதும் சும்மா, விளையாட்டுக்குச் சொல்வதும் சும்மா, சொல்ல விருப்பமில்லாததை மூடிவைப்பதும் சும்மா. நான் கேள்வியைப் பார்த்தேன். நோக்கம் என்ன என்று கேட்கிறார். "எந்த நோக்கமும் இல்லை, யுவர் ஒர்ஷிப்" என்றேன்.

மாஜிஸ்திரேட் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தண்ணீரில் விழுந்தவன் கட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். சங்கம் என்றால் அதற்கு ஒரு நோக்கம் இருந்தாக வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு எந்த நோக்கமும் இருந்ததாக நிரூபணம் இல்லை. ஆகவே இது சங்கம் அல்ல. எதிரி விடுதலை. இதைச் சொல்லும்போது அவர் 'பார்ட்டி' என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு என்னிடம் திரும்பினார். "மொழிபெயர்ப்பாளரே, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அதை உடனே கோர்ட்டின் கவனத்துக்குக் கொண்டுவருவது உமது கடமை. இனிமேல் ஞாபகம் இருக்கட்டும்."

"எஸ், யுவர் ஒர்ஷிப்" என்றேன்.

அதற்கும் முகத்தை அசைக்கவில்லை. பயிற்சி வீண்போகாது. நாலு மணிக்கு முன்பே கோர்ட்டு எழுந்தது. இரண்டு துரைமாரும் ஒரே காரில் போனார்கள்.

கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் சவரிமுத்துவும் ஆரோக்கியமும் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை நன்றி கிடைக்கும் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், அதற்காகத்தான் அந்த வழியாகவே போனேன்.

சவரிமுத்து கும்பிட்டார். ஆனால் முகம் சரியில்லை.

"என்னங்க, விடுதலை ஆயிடுச்சே?" என்றேன்.

"ஆயிடுச்சு ஐயா. உங்க புண்ணியம். ஆனா ஒரு நோக்கமும் இல்லேன்னு சொல்லிட்டீங்களே."

"நீங்கதானே சும்மான்னு சொன்னீங்க?"

"சொன்னேன். அத்தனை ஆம்பளைங்க முன்னால வேற என்ன சொல்றது? அதுக்காக ஒரு நோக்கமும் இல்லேன்னா... வேலையத்தவன் கூத்தடிச்ச மாதிரி ஆயிடலையா?"

"அப்போ நோக்கம் இருந்துச்சா?"

அவர் காதோரம் சொறிந்துகொண்டார். ஆரோக்கியம்தான் சொன்னார், அவரைப் பார்க்காமல், என்னையும் நேராகப் பார்க்காமல்.

"எங்க வீட்டுல என்ன விசேஷம் நடந்தாலும் நான் அடுப்படியிலதான் ஐயா இருப்பேன். எங்க கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு மறுநாளே நான்தான் பொங்கிப் போட்டேன். தொரை வீட்டுப் பார்ட்டியில தொரைசானி வேலையே செய்ய மாட்டாங்களாம். நல்ல சீலை கட்டிட்டு நாற்காலியில உக்காந்திருப்பாங்களாம். வர்றவங்க எல்லாம் அவங்ககிட்ட போய் நல்லா இருக்கீங்களான்னு கேப்பாங்களாம். அதை இவரு வந்து வந்து சொல்லுவாரு. நீயும் ஒரு நாளு அப்படி உக்காரு புள்ளன்னாரு. சமையல் பூரா அவரே செஞ்சாரு. அதுக்குத்தான் ஐயா பார்ட்டி."

சவரிமுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். லஞ்சா ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு போன ஓர் ஆளை அவ்வளவு அக்கறையாக அவர் ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? சட்டப்படி, நோக்கம் இருந்தது. திட்டமிட்ட நோக்கம். திரும்ப உள்ளே போய் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருந்தால் தீர்ப்பின் காலே ஒடிந்திருக்கும். ஆனால் அவர் போய்விட்டார், எனக்கும் கோர்ட்டு எழுந்த பிறகு காது கேட்காது. மரத்தடியில் சொல்லப்பட்டது சாட்சியம் ஆகாது.

"உக்காந்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"உக்காந்தேன். மாத்தாங்க வந்து கதவைத் தட்டுற வரைக்கும்."

"எப்படி இருந்துச்சு?"

ஆரோக்கியம் கொஞ்சம் யோசித்தார். சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுப் பேசுகிற சாட்சிகள்கூட அவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

"காலு மரத்துப் போச்சு ஐயா," என்றார். "எந்திரிக்கத்தான் மனசு வரல."